ஊசிக்கு முன் ஒரு கொரியக் கணக்கு

கார்பன் மோனாக்சைடு வாயுவால் மூளை பாதிக்கப்பட்டவருக்கு ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகுமா? நீலகிரியிலிருந்து இறங்கி வரும் குடும்பங்கள் அவ்வப்போது என்னிடம் கேட்கும் கேள்வி இது. கோவையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். பக்கவாதம், தலைக்காயம் என்று மூளை அடிபட்டவர்களை எழுப்பி உட்காரவைப்பதும் நடக்கவைப்பதும் என் தொழில். ஊசி விஷயத்தில் முடிவு சொல்ல வேண்டியவர் நரம்பியல் மருத்துவர்தான். ஆனால் தினமும் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் நான் என்பதால், கேள்வி முதலில் என்னிடம் வந்துவிடுகிறது. வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்ப மனசு ஒப்பவில்லை. தேடிப் படித்தேன். எனக்குத் தெளிவானதையெல்லாம் இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் பொறுமையாக முழுசும் படித்துவிடுங்கள்.

அந்த வாயு என்ன செய்கிறது?

கரியோ விறகோ பெட்ரோலோ போதிய காற்றில்லாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. கண் எரியாது, தொண்டை கரகரக்காது. குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று குமுட்டி அடுப்பில் கரியைப் போட்டு, கதவு ஜன்னலை இறுகச் சாத்திக்கொண்டு படுக்கிறார்கள். தூக்கத்திலேயே உடம்புக்குள் போய்விடுகிறது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இப்படி இறந்தவர்களைப் பற்றிய செய்தி குளிர்காலங்களில் வந்துகொண்டேதான் இருக்கிறது. பார்பிக்யூ செய்த கரியை அணையாமலே அறைக்குள் எடுத்துவைத்துக்கொண்ட சுற்றுலாப் பயணிகளும் அதில் உண்டு.

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை இந்த வாயு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிடித்துக்கொள்கிறது. ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் மூளைக்குப் பிராணவாயு போய்ச் சேராது. இங்கே எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இந்த விஷத்தில் ஏமாற்றிவிடும். வாயு ஏறிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் ஏறியதாகவே அது கணக்கில் எடுத்துக்கொள்வதால் 97, 98 என்று காட்டும். நோயாளி மயங்கிக் கிடப்பார், திரையில் எல்லாம் நன்றாக இருக்கும். கார்பாக்ஸிஹீமோகுளோபின் அளவைத் தனியாக ரத்தத்தில் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் ரத்தத்திலுள்ள இந்த வாயு பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம் போதும். உயர் அழுத்த ஆக்சிஜன் அறைக்குள் வைத்தால் இருபது நிமிடத்தையொட்டிப் பாதியாகிவிடும். அமெரிக்காவில் வீவர் குழுவினர் 152 நோயாளிகளை வைத்துச் செய்து 2002-ல் வெளியிட்ட சோதனையில், முதல் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறை அந்த அறைக்குள் வைக்கப்பட்டவர்களில் 25 சதவீதம் பேருக்குத்தான் ஆறு வாரம் கழித்து நினைவிலும் சிந்தனையிலும் குறை இருந்தது. சாதாரண அழுத்தத்தில் ஆக்சிஜன் பெற்றவர்களில் அது 46 சதவீதம். 1999-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த இன்னொரு சோதனையில் பலன் எதுவும் தெரியவில்லை என்பதால் மருத்துவர்களுக்குள் விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் ஆக்சிஜனைச் சீக்கிரம் கொடுக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக்கருத்து கிடையாது.

எழுந்து நடந்தவர் மறுபடி விழுவது

இந்த விஷத்தின் கொடுமை இனிமேல்தான். மயக்கம் தெளிந்து, பேசி, சாப்பிட்டு, வீட்டுக்கு நடந்தே போனவர் சில வாரம் கழித்து மாறத் தொடங்குவார். முதலில் பேச்சு குறையும். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், பதில் வராது. சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்வார், அதைச் சரிசெய்யத் தோன்றாது. நடை சின்னச் சின்ன அடியாகி, கால் தரையோடு தேயும். சிறுநீர் தானாகப் போய்விடும், அதைப் பற்றிய கூச்சமும் முகத்தில் தெரியாது. முகமே அசைவற்றுப்போய்விடும். வீட்டில் இருப்பவர்கள் இதை மனநோய் என்று நினைப்பார்கள், காற்றுக் கருப்பு என்றும் நினைப்பார்கள். வாயு விஷத்தோடு யாரும் முடிச்சுப்போட்டுப் பார்ப்பதில்லை, ஏனென்றால் அதிலிருந்துதான் மனுஷன் பிழைத்து வந்துவிட்டாரே.

எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தால் மூளையின் வெள்ளைப் பகுதி இரண்டு பக்கமும் சமமாகப் பளிச்சென்று தெரியும். நரம்பு இழைகளைச் சுற்றி, மின்கம்பி மேலுள்ள பிளாஸ்டிக் உறை மாதிரி, மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. அது சிதைந்துபோயிருப்பதன் அடையாளம் அது. மூளையின் ஆழத்தில் அசைவுகளை ஒழுங்குபடுத்தும் குளோபஸ் பாலிடஸ் என்ற பகுதியும் பலருக்குச் சேதமாகியிருக்கும்.

வாயு ரத்தத்தை விட்டுப் போய் மூன்று வாரம் ஆன பிறகு ஏன் இந்தச் சிதைவு? அமெரிக்காவில் ஸ்டீபன் தாம் குழுவினர் 2004-ல் வெளியிட்ட எலி ஆராய்ச்சி இதற்கு நல்ல விளக்கம் தந்தது. விஷம் ஏறிய வேளையில் நடக்கும் வேதிமாற்றத்தில் மயலினிலுள்ள ஒரு புரதம் உருமாறிவிடுகிறது. உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் அதை அந்நியப் பொருள் என்று எடுத்துக்கொண்டு தாக்கத் தொடங்குகின்றன. அந்தப் புரதத்தைத் தாக்காதபடி முன்கூட்டியே பழக்கப்படுத்திய எலிகளுக்கு அதே அளவு விஷம் ஏற்றியும் கற்கும் திறன் கெடவில்லை. அதாவது இரண்டாவது அடியில் நம் உடம்பின் கைவரிசையும் இருக்கிறது. செல் சிகிச்சை பற்றிய நம்பிக்கை முளைத்தது இந்த இடத்தில்தான்.

கொரியா குறித்துவைத்த கணக்கு

அந்த நம்பிக்கையை எடைபோட ஒரு படிக்கல் வேண்டும். அதைக் கொடுத்தது தென்கொரியா. 1960-களிலிருந்து 80-கள் வரை அங்கே நகரத்து வீடுகளில் பெரும்பாலும் யோன்டான் என்ற நிலக்கரி வில்லைதான் எரிபொருள். உருளை வடிவம், மேலிருந்து கீழ்வரை துளைகள். அடுப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேல் வில்லையின் துளையும் கீழ் வில்லையின் துளையும் நேராக வரும்படி பொருத்துவார்கள். அடுப்பின் சூடு தரைக்கு அடியில் ஓடி, படுக்கும் அறையை வெதுவெதுப்பாக்கும். தரையில் விரிசல் விழுந்தால் சூட்டோடு வாயுவும் மேலே வரும். கரி சீக்கிரம் தீரக்கூடாது என்று இரவில் காற்றுத் துவாரத்தை அடைத்துவைத்தால் வாயு இன்னும் கூடும். காலையில் எழுந்திருக்க முடியாதவர்களுக்கு முள்ளங்கிக் கிம்ச்சியின் குளிர்ந்த புளித்தண்ணீரைப் புகட்டுவது அங்கே வீட்டு வைத்தியமாகவே இருந்தது. அவ்வளவு சாதாரணமாக நடந்த விபத்து.

அந்த நாட்டு நரம்பியல் மருத்துவர் இல் சைங் சோய், 2,360 நோயாளிகளின் விவரத்தை 1983-ல் வெளியிட்டார். அவர்களில் 65 பேருக்கு இந்தத் தாமதமான மூளைப் பாதிப்பு வந்தது. மருத்துவமனையில் சேர்க்கப்படும் அளவுக்கு மோசமாக இருந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 11.8 சதவீதம். நன்றாக இருந்த இடைவெளி 2 நாளிலிருந்து 40 நாள் வரை, சராசரி 22 நாள். தொடர்ந்து கவனிக்க முடிந்தவர்கள் 36 பேர். அவர்களில் 27 பேர் ஒரு வருடத்துக்குள் தேறிவிட்டார்கள். சிலருக்கு ஞாபகக் குறைவோ லேசான விறைப்போ மிஞ்சியது என்றாலும், முக்கால்வாசிப் பேர் எழுந்துவிட்டார்கள். இந்த நோய்க்கு ஸ்டெம் செல் என்ற யோசனையே இல்லாத காலம் அது.

நாலில் மூன்று. இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் மனதில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்லவில்லை. ஜப்பானின் மீகே நிலக்கரிச் சுரங்கத்தில் 1963 நவம்பர் 9 அன்று கரித்தூள் வெடித்ததில் 458 பேர் இறந்தார்கள், 839 பேர் இந்த வாயுவால் பாதிக்கப்பட்டார்கள். அவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தவர்களில் மினமாட்டா பாதரச நோய்க்காக உழைத்த அதே மருத்துவர் மசசுமி ஹரதாவும் ஒருவர். பலருக்கு ஞாபகமும் குணமும் கடைசிவரை திரும்பவில்லை. வெளியே பார்த்தால் கைகால் நன்றாக இருக்கும் மனுஷனை நோயாளி என்று நிரூபிக்கவே குடும்பங்கள் போராட வேண்டியிருந்தது. 1967-ல் தொழிலாளர்களின் மனைவிகள் சுரங்கத்துக்குள் இறங்கி உட்கார்ந்து போராடினார்கள். அந்த ஆண்டே இந்த நோயாளிகளுக்கென்று தனிச் சட்டம் வந்தது. ஆக, தானாகத் தேறுகிறவர்களும் உண்டு, தேறாமலே போகிறவர்களும் உண்டு. தேறாமல் போகிறவர்களுக்காகத்தான் புதிய சிகிச்சை வேண்டியிருக்கிறது.

செல் ஊசி என்றால் என்ன?

இந்த நோய்க்கு முயற்சி செய்யப்பட்டவை மீசன்கைமல் ஸ்டெம் செல்கள். எலும்பு மஜ்ஜையிலிருந்தோ கொழுப்பிலிருந்தோ தொப்புள்கொடித் திசுவிலிருந்தோ எடுத்து, ஆய்வகத்தில் பெருக்கிக் கொடுப்பார்கள். குழந்தை பிறந்தபோது பணம் கட்டிச் சேமித்துவைத்த தொப்புள்கொடி ரத்தம் உதவுமா என்று சில பெற்றோர்கள் கேட்கிறார்கள். அதில் முக்கியமாக இருப்பவை ரத்த அணுக்களை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள். வகையே வேறு.

இந்தச் செல்கள் மூளைக்குள் போய்ப் புது நரம்பணுவாக முளைத்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதாகச் சான்று இல்லை. மூளையில் போய்த் தங்குபவை மிகச் சொற்பம். கை நரம்பு வழியாக ஏற்றினால் பெரும்பங்கு நுரையீரலின் மெல்லிய ரத்தக்குழாய்களிலேயே சிக்கிவிடும். அவை சுரக்கும் பொருட்கள்தான் வேலை செய்கின்றன என்பது இன்றைய புரிதல். வெறிகொண்டு தாக்கும் எதிர்ப்பு அணுக்களை அவை அடக்குகின்றன, அழற்சியைத் தணிக்கின்றன. இது வெறும் கற்பனை கிடையாது. மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு, தானமாக வந்த அணுக்கள் நோயாளியின் உடம்பையே தாக்கும் ஒரு சிக்கலுக்கு இவ்வகைச் செல் மருந்தை ஜப்பான் 2015-ல் அனுமதித்தது. அமெரிக்கா 2024 டிசம்பரில் குழந்தைகளுக்கு அனுமதித்தது. மயலினை எதிர்ப்பு அணுக்கள் தாக்குவதுதான் நம் நோயிலும் சிக்கல் என்றால், அதே செல்கள் இங்கேயும் உதவலாம் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் இருக்கிறது.

சீனாவில் முயன்று பார்த்தார்கள். 2016-ல் வெளியான ஆய்வில், விஷவாயுவுக்குப் பிறகு தாமதமான மூளைப் பாதிப்பு வந்த 42 பேரை மூன்று பிரிவாக வைத்தார்கள். ஒரு பிரிவுக்குத் தொப்புள்கொடிச் செல்களோடு பியூட்டில்தாலைடு என்ற மருந்து. இது செலரி விதையில் கண்டெடுக்கப்பட்டது, அங்கே பக்கவாதத்துக்குக் கொடுப்பது. இன்னொரு பிரிவுக்குச் செல்கள் மட்டும். மூன்றாவது பிரிவுக்கு உயர் அழுத்த ஆக்சிஜன். செல்களைத் தண்டுவட நீருக்குள்ளும் கழுத்துத் தமனிக்குள்ளும் மாற்றி மாற்றிச் செலுத்தினார்கள். ஆறு மாதம் வரை பார்த்ததில், செல்லும் மருந்தும் சேர்த்துப் பெற்ற பிரிவே நினைவாற்றலிலும் அன்றாட வேலைகளிலும் அதிகம் முன்னேறியது என்றார்கள்.

பிரிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சொல்லியிருப்பதால், எல்லாம் தானாகத் தேறியதுதான் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் பிரிவுக்குச் சராசரியாக 14 பேர். நாலில் மூன்று பேர் எப்படியும் எழுந்திருக்கும் ஒரு நோயில், ஒரு பிரிவில் இரண்டு மூன்று பேர் கூடுதலாகத் தேறினாலே படம் மாறிவிடும். முதுகில் ஊசி போட்டவருக்கும் ஆக்சிஜன் அறைக்குப் போனவருக்கும் தனக்கு எந்தச் சிகிச்சை நடக்கிறது என்று தெரியும், அந்த எதிர்பார்ப்பும் சேர்ந்துகொள்ளும். இது ஆராய்ச்சியைத் தொடர்வதற்கான காரணம். காசு வாங்கிக்கொண்டு ஊசி போடுவதற்கான காரணம் ஆகாது.

பெரிய அளவில் சோதித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானில் பக்கவாதத்துக்கு நடந்த சோதனை உதாரணம். எலும்பு மஜ்ஜையிலிருந்து பெருக்கிய செல்களைப் பக்கவாதம் வந்த ஒன்றரை நாளுக்குள் செலுத்தி, யாருக்குச் செல், யாருக்கு வெறும் திரவம் என்று யாருக்கும் தெரியாமல் 206 பேரிடம் பார்த்தார்கள். 90-ஆம் நாளில் முக்கியமான அளவுகோலில் வித்தியாசம் இல்லை. மறுபக்கம், தலைக்காயத்தால் கைகால் வராமல்போனவர்களின் மூளைக்குள் நேரடியாகச் செல் வைக்கும் ஒரு சிகிச்சைக்கு அதே ஜப்பான் 2024 ஜூலையில் நிபந்தனையோடு அனுமதி கொடுத்தது. கதவு மூடவில்லை. ஆனால் ஒரு நோய்க்குக் கிடைத்த பலனை இன்னொரு நோய்க்கு எழுதிக்கொள்ள முடியாது.

ஆபத்தும் உண்டு. பக்கவாதத்துக்காக நாடு நாடாகப் போய்ச் செல் ஊசி போட்டுக்கொண்ட ஒருவரின் தண்டுவடத்தில், வேறொருவருடைய செல்லிலிருந்தே கட்டி வளர்ந்ததை 2016-ல் அமெரிக்க மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். கழுத்துத் தமனிக்குள் செலுத்தினால் செல்கள் திரண்டு மூளைக் குழாயை அடைக்கும் அபாயமும் இருக்கிறது.

தோட்டத்திலிருந்து வந்தவர்

அடையாளம் தெரியாமலிருக்க விவரத்தை மாற்றி எழுதுகிறேன். தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் குமுட்டி அடுப்பு வைத்துப் படுத்த ஒருவரை அவர் மனைவி என்னிடம் அழைத்துவந்தார். மருத்துவமனையிலிருந்து நல்லபடியாக வீட்டுக்குப் போய், பிறகு மடங்கிப்போனவர். கையில் பிடித்த டம்ளரை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"சார், ஸ்டெம் செல் போட்டா மூணு மாசத்துல பழையபடி ஆயிருவாருங்கறாங்க. நெசமுங்களா? அஞ்சு லட்சம் கேக்கறாங்க. எங்கப்பா குடுத்த எடம் கொஞ்சம் இருக்குதுங்க."

"எடத்தை இப்ப விக்காதீங்க அம்மணி. இந்த நோய் ஒரு வருசம் வரைக்கும் தானாவே தெளியக்கூடியது. டாக்டர்கிட்ட நானும் பேசறேன். அதுவரைக்கும் நாம செய்ய வேண்டியது நெறைய இருக்குது."

செய்தோம். படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்வது, இரண்டு பக்கமும் கம்பியைப் பிடித்து நிற்பது, தரையில் ஒட்டிய பட்டைக் கோடுகளைத் தாண்டித் தாண்டி அடி எடுத்துவைப்பது, மூன்று மணிக்கு ஒருதரம் கழிப்பறைக்கு அழைத்துப்போவது, டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும் அந்த ஒரே அசைவைக் கைமேல் கை வைத்துத் திரும்பத் திரும்பச் செய்வது. பல வாரம் எதுவும் தெரியவில்லை. பிறகு ஒருநாள் மனைவியின் பெயரைச் சொன்னார். மெல்ல மெல்ல நடையும் வந்தது. ஞாபகம் இன்னும் முழுசாக வரவில்லை, தனியாக வேலைக்கு அனுப்ப முடியாது. ஆனால் தன் சோற்றைத் தானே எடுத்துச் சாப்பிடுகிறார்.

நான் கேட்பது இதுதான். அவர் அந்த ஊசியைப் போட்டிருந்தால், இந்த முன்னேற்றம் முழுவதையும் ஊசியின் கணக்கில்தானே எழுதியிருப்போம்? அவர் மனைவி எழுதியிருப்பார், நானும் எழுதியிருப்பேன். ஊசி போட்டவரும் மனசார அப்படித்தான் நம்பியிருப்பார். இடம் மட்டும் போயிருக்கும். ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

குடும்பங்களுக்கு

விபத்து நடந்த அன்று: ஆளை உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். அறையில் கரி எரிந்தது என்பதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அவராகக் கண்டுபிடிக்கட்டும் என்று விடாதீர்கள். உயர் அழுத்த ஆக்சிஜன் அறை அருகில் எங்கே இருக்கிறது என்று அன்றைக்கே கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு: ஆறு வாரம் கண்காணியுங்கள். பேச்சு, நடை, சிறுநீர், குணம், இந்த நான்கில் எது மாறினாலும் அன்றே நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். விஷவாயு தாக்கிய தேதியைச் சீட்டில் எழுதி எடுத்துப்போங்கள்.

செல் ஊசி போடச் சொன்னால் கேட்க வேண்டியவை: இது பதிவுசெய்யப்பட்ட சோதனையா? ஆம் என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதன் எண் என்ன? ஒப்பீட்டுப் பிரிவு உண்டா? நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எங்கே? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய் போன்ற அங்கீகரிக்கப்பட்ட தேவைகளுக்கான மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தவிர, மற்ற ஸ்டெம் செல் பயன்பாடுகள் முறையான சோதனைக்குள்தான் நடக்க வேண்டும். சோதனை என்று சொல்லிக்கொண்டு லட்சக்கணக்கில் பணம் கேட்டால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். முறையான சோதனை ஒன்றில் இடம் கிடைத்தால், மருத்துவரிடம் கலந்துபேசிச் சேர்வதை நான் தடுக்க மாட்டேன். சொல்லப்போனால் அப்படிச் சிலர் சேர்ந்தால்தான், மீகே சுரங்கத்து மனிதர்களைப் போலத் தேறாமலே போகிறவர்களுக்கு ஒருநாள் வழி பிறக்கும்.

அதுவரை நம் கையில் இருப்பது அந்த முதல் வருடம். கொரிய நோயாளிகள் எழுந்தது அதற்குள்தான். சதை இறுகிப்போகாமல், படுக்கைப் புண் வராமல், சளி அடைத்து நெஞ்சு கெடாமல், சாப்பாடு குறையாமல் பார்த்துக்கொண்டால், மூளை தேறும்போது உடம்பும் அதற்குத் தயாராக இருக்கும். இடத்தை விற்காதீர்கள். தினமும் காலையிலும் மாலையிலும் பயிற்சியை விடாதீர்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அவரிடம் பேசிக்கொண்டே இருங்கள். சந்தேகம் இருந்தால் எழுதுங்கள், எனக்குத் தெரிந்த அளவுக்கு நிச்சயம் பதில் சொல்கிறேன்.